ஏழாவது கேள்விக்கு முட்டை

அன்று காலை உலு திராமில் எங்கள் லாரி நிறுவன வாசலில் இருந்தவர்கள்: அப்பா, லாரிக்குள் சித்தப்பா, சிங்கப்பூர் வாடிக்கையாளர் மிஸ்டர் லிம், அந்த வெயிலிலும் டை கட்டிய நான். இல்லாதவர் மேரி அக்கா. அவரை வரவிடாமல் செய்தவன் நான்தான், ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் டிப்ளோமா வரை போன முதல் ஆள் நான். (அதை யாரும் மறந்துவிடாதபடி பார்த்துக்கொண்டேன்.) சுங்கப் பத்திரங்களை இணையத்தில்தான் அனுப்ப வேண்டும், லைன் போனால் லாரி சிங்கப்பூர் எல்லையில் நிற்கும். அதனால், ஒன்று போனாலும் இன்னொன்று ஓடும்படி இரண்டு லைன் இருந்தால்தான் ஒரு வருட வேலை தருவேன் என்று லிம் சொல்லியிருந்தார். லைன் போடும் ஆளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அப்பா என்னிடம் விட்டார்.

நான் பரீட்சை வைத்தேன். இருபது கேள்விகள், கேள்விக்கு ஐந்து மார்க், சிவப்புப் பேனா. ஆளைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

ஒரு பெரிய கம்பெனியின் விற்பனையாளர் எல்லாவற்றுக்கும் 'ஆம்' எழுதி நூறு வாங்கினார். பெர்மாஸ் ஜெயாவின் மேரி அக்கா தனியாகத் தொழில் செய்பவர். எந்தக் கம்பெனியின் ஆளும் இல்லை. எல்லார் லைனையும் ஒப்பிட்டு, நமக்குப் பொருந்துவதைப் போட்டுத் தருவார். ஏழாவது கேள்வி: 'ஒரு லைன் அறுந்தால் மற்றது வேலை செய்யுமா?' அதற்கு அவர் 'வந்து பார்த்தால்தான் தெரியும்' என்று எழுதியிருந்தார். முட்டை போட்டேன்.

அக்கா போன் செய்தார். "தம்பி, கேபிள் எந்தப் பக்கமா வருதுன்னு பாக்காம எப்படிச் சொல்றது? வந்து பாக்கறேன், காசெல்லாம் வேணாம்லா. ஒரு தே வாங்கிக் குடுங்க, போதும்."

ஒரு டீக்கு வருகிறேன் என்றவரிடம், "சாரி அக்கா, ரிசல்ட் வந்திருச்சு," என்றேன். (அப்படியேதான் சொன்னேன்.)

லிம் பார்வையிட வந்த அன்று, நூறு வாங்கியவர் போட்ட இரண்டு லைனுக்கும் இரண்டு பச்சை விளக்குகளைக் கைப்பேசியில் காட்டி, ஆங்கிலத்தில் வெளுத்துக்கட்டிக்கொண்டிருந்தேன். சித்தப்பா சரக்கேற்ற லாரியைப் பின்னால் எடுத்தார். வழிகாட்ட வேண்டியவன் நான். திரும்பாமலே, பின்னால் வரச் சொல்லிக் கையை ஆட்டினேன்.

"கோஸ்டான், சித்தப்பா, கோஸ்டான்! இன்னும் போலாம்!"

"டேய், பின்னாடி பாத்தியாடா?"

"பாத்தாச்சு, பாத்தாச்சு. கோஸ்டான்!"

டமால். கேட் ஓரத்துத் தூண் சாய்ந்தது. ஒரு பச்சை விளக்கு அணைந்தது. லிம்மைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தேன், இன்னொன்று இருக்கிறதே! அதுவும் அணைந்தது. இரண்டு கேபிளும் அந்த ஒரே தூணில்தான் தொங்கியிருக்கின்றன.

"அலமாக்," என்று தலையில் கைவைத்தார் லிம்.

அப்பா திட்டவில்லை. "வாத்தியாரே, முட்டை வாங்குனாங்களே, அவங்களுக்குப் போன் போடு."

முக்கால் மணி நேரத்தில் அக்கா வந்தார். சிம் போட்ட ஒரு சின்னப் பெட்டியை ஜன்னலில் வைத்தார். "இது காத்துல வருது தம்பி. இதை இடிக்கணும்னா சித்தப்பா லாரியப் பறக்கவிடணும்."

பத்திரங்கள் போயின. லாரி எல்லை தாண்டியது. லிம் ஒரு வருட வேலையும் தந்தார், லைனை மேரி அக்காதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு.

இன்றைக்கும் வீட்டில் நான் எதையாவது அளக்க ஆரம்பித்தால், சித்தப்பா சோற்றுக் கையை ஆட்டி, "கோஸ்டான்! இன்னும் போலாம்!" என்பார். (எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டிலும் சொன்னார். பெண் சிரித்துவிட்டாள், சம்மதம்.)

தூண், கேபிள், லாரியின் பின்விளக்கு எல்லாம் சேர்த்து ஆனது ஆறாயிரத்து முந்நூற்று நாற்பது ரிங்கிட். அத்துடன், அக்கா முதலிலேயே கேட்டிருந்த அந்த ஒரு தே.