நேர்ச்சைச் சேவலும் என் பிரசங்கமும்

அடுத்தவர் செய்த பாவத்தைக் கண்டால், இருபத்தாறு வயதில் எனக்கு ஒருவிதப் பசி எடுக்கும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

யுத்த காலம். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தை ஒட்டி, ஆவுடையார்கோவிலுக்குத் தெற்கே சின்னதாக ஒரு கிறிஸ்தவ ஊர். பங்குச் சாமியார் மாதம் ஒரு தடவைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் செபம் சொல்வதும், கோயில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவதும் நான்தான். உபதேசியாருக்கு வேண்டிய பொறுமை, இரக்கம் முதலியவை என்னிடம் கிடையாது, தொண்டை இருந்தது. தாமதமாக வந்தவர்களை நிற்க வைப்பேன், கள் குடித்தவர்களைப் பெயர் சொல்லி அழைப்பேன். ஊராருக்கும் அது பிடித்திருந்தது. (தங்கள் பெயர் வராத ஞாயிறுகளில்.)

அந்தோணியார் திருவிழாவுக்கு நேர்ந்துவிட்ட சிவப்புச் சேவல் ஒன்று கோயிலைச் சுற்றித் திரிந்தது. அடையாளத்துக்குக் காலில் நீலக் கயிறு. கோயிலை ஒட்டியிருந்த எங்கள் வீட்டிலும் ஒரு சிவப்புச் சேவல் இருந்தது. எனக்கு அப்போதே பார்வை மங்கல். கண்ணாடி போட்டால் அழகு போய்விடும் என்று போடுவதில்லை. (எந்த அழகு என்று என் மனைவி ரோசம்மா இன்றும் கேட்கிறாள்.)

ஒரு சனிக்கிழமை காலை கட்டுமாவடியிலிருந்து மைத்துனர் வந்தார். மீன் தின்று சலித்த மனிதர். நானே போய்ச் சேவலைப் பிடித்தேன், அறுத்தேன், கால்களை வெட்டிக் குப்பையில் எறிந்தேன். மத்தியானம் இரண்டு தொடைகளையும் நானே தின்றேன். மைத்துனருக்குக் கழுத்து.

மறுநாள் காலையில் நேர்ச்சைச் சேவலைக் காணோம். விசாரிக்க வேண்டிய அவசியமே எனக்கு இருக்கவில்லை. சவரிமுத்து என்ற கூலிக்காரர் இரண்டு வருடத்துக்கு முன் பசிக்கு ஒரு கோழி திருடிப் பிடிபட்டிருந்தார். (அவரை ‘அவர்’ என்று சொல்ல நான் பழகியது பின்னால்தான்.) செபம் முடிந்ததும் அவரை எழுப்பினேன்.

“அந்தோணியார் சேவல் எங்கிட்டுப் போச்சு?”

“எனக்குத் தெரியாதுங்க.”

“போன தடவையும் இதைத்தானே சொன்னே?”

“போன தடவை திருடினேங்க. இந்தத் தடவை இல்லைங்க.”

அரைமணி நேரம் நரகத்தை விவரித்தேன், நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் போல. சேவல் வராவிட்டால் அவர் குடும்பம் திருவிழாவில் சப்பரத்தைத் தொடக்கூடாது என்றேன். அவர் சம்சாரம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் அடுத்த வாக்கியத்துக்குக் குரலை உயர்த்தினேன்.

அன்று சாயங்காலம் சவரிமுத்து ஒரு சிவப்புச் சேவலோடு கோயிலுக்கு வந்தார். “முள்ளுக்குள்ள கெடந்துச்சுங்க, கயிறு அறுந்துபோச்சுங்க,” என்றார். யாரும் நம்பவில்லை. திருடியவன் பயந்துபோய்த் திருப்பிக் கொடுக்கிறான் என்றே எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நானோ, என் பிரசங்கம் ஒரு திருடனைத் திருத்திய கதையை ஒரு வாரம் முழுக்கக் கண்டவர்களிடமெல்லாம் சொன்னேன். கதையில் நாளுக்கு நாள் அவர் அதிகமாக அழுதார்.

அடுத்த சனிக்கிழமை சோறு போட்டுக்கொண்டே ரோசம்மா சொன்னாள்: “ஏங்க, சவரிமுத்து குடுத்தது அவரு வீட்டுச் சேவலு. கோயில் சேவல் ஒங்க வயித்துக்குள்ள போயிருச்சு.”

“நான் அறுத்தது நம்ம சேவல்.”

“நம்ம சேவல் அந்தா நிக்குது. ஒரு வாரமா நிக்குது.”

(அதைப் பக்கத்து வீட்டுச் சேவல் என்று நினைத்து நான் விரட்டிக்கொண்டிருந்தேன்.)

நான் அவமானப்படுத்தி அனுப்பிய அன்று, என்னிடம் நியாயம் கேட்க சவரிமுத்து கொல்லைப்பக்கம் வந்திருக்கிறார். குப்பையில் நீலக் கயிறு கட்டிய கால் கிடந்திருக்கிறது. ரோசம்மாவும் அப்போதுதான் அதைப் பார்த்திருக்கிறாள். “வாத்தியாருக்குத் தெரிய வேணாம் தாயி. தெரிஞ்சா மனுசன் ஒடிஞ்சிருவாரு,” என்று சொல்லி, அவரே குழி தோண்டி அதைப் புதைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

“இத்தனை நாளா ஏன் சொல்லல?”

“நீங்களா அடங்குவீங்கன்னு பாத்தேன். அடங்குற மாதிரி தெரியல.”

சோற்றை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். சவரிமுத்து யாருடைய கொல்லைக்கோ வேலி அடைத்துக்கொண்டிருந்தார்.

“திருட்டுப் பட்டத்தை ஏன்யா நீ வாங்கிக்கிட்டே?”

அவர் முள்ளைக் கீழே வைத்தார். “அன்னைக்கு நான் கோழியத் திருடுனப்ப, அந்தக் கோழிக்காரம்மா திட்டலைங்க. பசியான்னு கேட்டு ஒரு சட்டிக் கஞ்சி ஊத்துனாங்க. அதுக்கப்புறம் எனக்கு யாரையும் திட்ட வாய் வர்றதில்ல.”

அவர் கீழே வைத்த முள்ளை நான் எடுத்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எழுந்து நின்று, சேவலைத் தின்றவன் நான் என்றேன். சவரிமுத்துவிடம் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். பிறகு பின்னாலிருந்து ஒரு சிரிப்பு, அப்புறம் கோயிலே சிரித்தது. முழங்காலில் நிற்கச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் அரைமணி நேரம் நரகத்தில் வறுத்த குற்றத்தை அரை நிமிடத்தில் மன்னித்துவிட்டார்கள். அந்த அவமானம் பெரியது.

ஆனால் பெயர் நிலைத்துவிட்டது: சேவல் வாத்தியார். பிள்ளைகளும் சேவல் வாத்தியார் பிள்ளைகள் ஆனார்கள். என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட, ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தி, “சேவல் வாத்தியார் வீடு எதுங்க?” என்றுதான் கேட்டார்களாம். அங்கே நின்றவர் சவரிமுத்து.

“அப்படி யாரும் எங்க ஊர்ல இல்லைங்களே,” என்றாராம். “உபதேசியார் ஐயா வீடுன்னா, வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்.”

வீட்டில் எல்லாரும் கூடும்போது மருமகன் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை.