முந்நூறு கறுப்புத் தட்டுகள்

ஒரு மொழியில் பத்துச் சொல் தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டிருப்பான். ஆயிரம் சொல் தெரிந்தவன் யோசித்துப் பேசுவான். நடுவில் நூறு சொல்லோடு நிற்கிறானே, அவனைக் கலியாண வீட்டுப் பக்கமே விடக்கூடாது. இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில், ஒஸ்லோவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத நான் அந்த நூறாவது சொல்லில்தான் நின்றுகொண்டிருந்தேன். (நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.)

அக்கா வீட்டில் இருந்தேன். அத்தானின் தங்கை கௌரிக்குக் கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் ஸ்தவாங்கரில் இருந்தார்கள். மாப்பிள்ளை எண்ணெய்க் கம்பனியில் என்ஜினியர். அவருடைய தகப்பனார் குறை கண்டுபிடிப்பதில் என்ஜினியர். அத்தான் சமையல், மேளம், மணவறை எல்லாவற்றையும் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கடைசியில் என்னைப் பார்த்தார்.

"நீ தட்டை மட்டும் பார். முந்நூறு பேருக்கு. அதிலை பிழைவிட ஒண்டுமில்லை."

அந்தக் கிழமையே எங்கள் கட்டடத்தின் உடுப்புத் தோய்க்கும் அறையில் ஒட்வாரைச் சந்தித்தேன். மேல்மாடிக்காரர். அறுபது வயது, தோள்வரை நரைமுடி, மூச்சுவிட முடியாத இறுக்கத்தில் காற்சட்டை. என்ன வேலை செய்தீர்கள் என்று எனக்குத் தெரிந்த நொஸ்க்கில், அதாவது நோர்வே மொழியில், கேட்டேன்.

"பிளாத்தெ செய்தேன்" என்றார்.

பிளாத்தெ. ஆங்கிலத்தில் பிளேட். அதாவது தட்டு. தெய்வமே இறங்கிவந்து உடுப்புத் தோய்ப்பதுபோல இருந்தது எனக்கு. (நொஸ்க்கில் சாப்பாட்டுத் தட்டுக்கு வேறு சொல் என்பதும், பிளாத்தெ என்றால் இசைத்தட்டு என்பதும் நூற்றியோராவது, நூற்றியிரண்டாவது சொற்கள்.)

அவர் தன் கதையைச் சொன்னார். எழுபதுகளில் ஜெர்மனி முழுக்க அவருடைய பிளாத்தெதானாம். அதைப் போட்டால் சனம் விடியும்வரை ஆடுமாம். வயிற்றுக்கு முன்னால் விரல்களை ஆட்டி "பேஸ், பேஸ்" என்றார். வயிறு நிறையச் சாப்பிடுவதைச் சொல்கிறார் என்று நானும் என் வயிற்றைத் தடவிக் காட்டினேன். பிறகு டிஸ்கோ செத்துப்போனதாம். அதற்குப் பின் பாடகிகளுக்குப் பிளாத்தெ செய்தாராம், சிறுபிள்ளைகளுக்குச் செய்தாராம். கடைசியாகச் செய்த சொந்தப் பிளாத்தெயை ஒருவரும் வாங்கவில்லை. எல்லாம் நிலவறையில் கிடக்கிறது என்றார்.

"என்ன நிறம்?" என்று கேட்டேன்.

"கறுப்பு."

"கழுவலாமா?"

"தேவையில்லை. மெல்லிய துணியால் துடைத்தால் போதும். இரண்டு பக்கமும் பாவிக்கலாம்."

ஒரு பக்கம் சோறு, திருப்பினால் பாயசம். வெள்ளைக்காரனின் மூளையை எண்ணி வியந்தேன்.

"எனக்கு முந்நூறு வேண்டும். கலியாணம். வருகிற ஒவ்வொருவருக்கும் ஒன்று."

ஒட்வார் தோய்க்கும் மெஷினைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. தானே கொண்டுவந்து தருவதாகவும், அது தன்னுடைய அன்பளிப்பு என்றும் சொல்லி என்னைக் கட்டிப்பிடித்தார். தட்டு செய்கிறவர்கள் இவ்வளவு இளகிய மனதுக்காரர்களா என்று நினைத்தேன்.

ஸ்ட்ரோம்மன் பக்கத்து மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை கலியாணம். தாலி கட்டியாயிற்று. சோறும் கறிகளும் தயார். மாப்பிள்ளையின் தகப்பனார் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கிய நேரத்தில் வெள்ளிநிறக் கோட்டு மின்ன, தோளில் கிற்றாரோடு ஒட்வார் வந்து பெட்டிகளை இறக்கினார். அத்தான் ஒன்றைத் திறந்தார்.

உள்ளே சதுர மட்டை. அதில் இளவயது ஒட்வார், சட்டையில்லாமல், நெஞ்சு நிறைய மயிரோடு, சோப்புக் குமிழிகளுக்கு நடுவே சிரித்துக்கொண்டிருந்தார். அத்தான் பொலித்தீன் உறையைக் கிழித்து, அதற்குள்ளிருந்த கறுப்புத் தட்டை வெளியே எடுத்து, நடுவிலிருந்த ஓட்டையினூடாக என்னைப் பார்த்தார்.

"என்னடா இது?"

"ரசம் வடியிறதுக்கு விட்டிருப்பினம் அத்தான்."

அத்தான் தட்டை மெல்லத் திரும்ப மட்டைக்குள் செருகினார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். ஞாயிறென்பதால் கடையெல்லாம் பூட்டு. மாப்பிள்ளையின் தகப்பனார் எழுந்து எங்களை நோக்கி நடக்கத் தொடங்கினார். கௌரி மணவறையில் இருந்தபடியே எங்களைப் பார்த்தாள். அவள் முகம் சுருங்குவது அங்கிருந்தே தெரிந்தது.

அக்காதான் பெட்டியிலிருந்து இன்னொரு மட்டையை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். விற்காத சரக்கு, பொலித்தீன் உறை பிரிக்காமல் அப்படியே இருந்தது.

"உறையைத் துடைச்சுப்போட்டுச் சோத்தைப் போடு" என்றாள்.

உள்ளே இசைத்தட்டு இருந்ததால் மட்டை வளையவும் இல்லை. முந்நூறு பேரும் ஒட்வாரின் மேல் சாப்பிட்டார்கள். சோறு குறையக் குறைய முதலில் முடி தெரிந்தது, பிறகு பல், பிறகு நெஞ்சு. மாப்பிள்ளையின் தகப்பனார் நெஞ்சுமயிர்வரை வந்ததும் கையை நிறுத்தி என்னிடம் கேட்டார்.

"தம்பி, ஆர் இந்தாள்?"

"உங்களுக்குப் பின்னாலை நிக்கிறார்."

அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, மரியாதைக்காகக் கத்தரிக்காய்க் கறியை நகர்த்தி நெஞ்சை மூடினார்.

ஒட்வார் தோளிலிருந்த கிற்றாரை இறக்காமல் நின்றார். நான் பக்கத்தில் போய், எனக்குச் சொல் பிழைத்துவிட்டது, இவர்கள் உங்கள் பாட்டுக்காக வரவில்லை, சாப்பாட்டுக்காக வந்தவர்கள் என்று திக்கித் திணறிச் சொன்னேன். அவர் சோற்றுக்கு நின்ற வரிசையைப் பார்த்தார்.

"ஜெர்மனியில்கூட என் பிளாத்தெக்காக இப்படி வரிசையில் நிற்கவில்லை" என்றார். பிறகு தானும் ஒன்றை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார். சாப்பிட்டு முடிந்ததும் மேளகாரருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு பேஸ் கிற்றார் வாசித்தார். தவில்காரர் முதலில் முறைத்தார். பிறகு இருவரையும் நிறுத்த முடியவில்லை.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யாரும் "வயிறு நிறைஞ்சுதோ" என்று கேட்பதில்லை. விருந்துக்கு யார் வந்தாலும் அக்கா சாப்பாட்டுக் கோப்பையை எட்டிப் பார்த்து, "நெஞ்சு தெரியுதோ?" என்பாள். புதிதாக வந்தவர் பதறிப்போய்ச் சட்டைப் பொத்தானைத் தடவுவார். எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். கதையை நான்தான் சொல்லியாக வேண்டும்.