டீசல் மூடியில் உன் கட்டைவிரல்

போபோடி, புனே
மார்கழிக் கடைசி ஞாயிறு

சிரஞ்சீவி ராமநாதனுக்கு, உன் அக்கா விசாலாக்ஷி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் சௌக்கியம். அங்கு நீ சௌக்கியமாக இருப்பதை, விடியுமுன் நீ அனுப்பும் தாமரைப்பூப் படங்களால் தினமும் அறிந்துகொண்டிருக்கிறேன். அவற்றை நிறுத்திவிட்டாலும் நீ சௌக்கியம் என்றே எடுத்துக்கொள்வேன். உன் முழங்கால், உன் மாடிவீட்டுக்காரரின் நாய், உங்கள் அடுக்ககச் சங்கத் தேர்தல் ஆகியவை அடங்கியிருக்கும் என நம்புகிறேன். தொலைபேசியில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று வாக்கியங்களைத் தொடங்கிவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச வழியில்லை. ஆகையால் கடிதம்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் உன் எதிர் ஃப்ளாட்டை எனக்காகப் பிடித்து வைத்துக்கொண்டு, பொங்கலுக்குள் பதில் வேண்டும் என்கிறாய். சென்ற மாதம் லோனிகந்தில், கண்டெய்னர் லாரிகள் என் காதோரம் போய்க்கொண்டிருந்த நேரத்தில் நீ அழைத்து, “எதுக்கு அக்கா இந்த வயசுல லாரியில அலையறே” என்று கேட்டாய். “லாரியில்லடா, பிக்கப்” என்றேன். “எதுவா இருந்தா என்ன, நின்னுதானே போச்சு” என்றாய். வெயில், தூசி, உன் குரல் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்ததால், “இன்னொரு தடவை இந்த வண்டி வழியில நின்னா பெட்டியைக் கட்டிண்டு வந்துடறேன், போதுமா” என்று நான் சொன்னது உண்மை. சொன்ன வார்த்தையை நான் மறுக்கவில்லை. ஆனால் அது ஏன் நின்றது என்பது இப்போது தெரிந்துவிட்டது. இனி அது நிற்காது. ஆகவே அந்த ஃப்ளாட்டை வேறு யாருக்காவது விட்டுவிடு. காரணத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். கடைசிவரை படி. அதில் உனக்கும் பங்கு உண்டு.

உன் அத்திம்பேரின் நினைவாக அந்த வண்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறேன் என்று நீ உறவினர்களிடம் சொல்லிவருவதாகக் கேள்வி. அப்படி ஒன்றுமில்லை. ரஞ்சன்காவுக்கு அப்பால் இரண்டு ஏக்கரில் வெங்காயம் விளைகிறது. வெங்காயம் காரில் ஏறாது. நினைவுக்கு அவருடைய புகைப்படம் இருக்கிறது. அதற்கு டீசல் வேண்டாம். வண்டிக்குப் பதினேழு வயது. டீசல் முள் அவர் காலத்திலேயே செத்துவிட்டது. குளிரில் சாவியைத் திருப்பிச் சற்றுப் பொறுத்திருந்தால்தான் என்ஜின் கண் விழிக்கும். இவை குறைகள் அல்ல, பழக்கங்கள். எங்கள் சந்துக் கோடியில் இருக்கும் பாத்திமா ஓட்டுகிறாள். அவளுடைய தாத்தா ஆம்பூரிலிருந்து இங்கே பக்கத்திலிருக்கும் கட்கிக்குத் தோல் வேலைக்கு வந்தவர். ஆகையால் அவள் தமிழில் ஆம்பூரும் கட்கியும் சரிபாதி. அவள் ஓட்ட, நான் பக்கத்தில் அமர்ந்து குறை சொல்ல, இந்த ஏற்பாடு செம்மையாகவே நடந்துவந்தது. சென்ற ஆயுத பூஜைக்கு நீ இங்கு வந்து வண்டிக்குப் பூஜை போட்டுவிட்டுத் திரும்பிய வாரம்வரை அந்த வண்டி ஒருமுறைகூட வழியில் நின்றதில்லை. இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்.

முதல் தடவை வாகோலியைத் தாண்டி நின்றது. இருமவில்லை, புகையவில்லை, வகுப்பில் தூங்கிவிடும் மாணவனைப் போல மெதுவாகத் தலை சாய்ந்து அணைந்தது. முள் செத்த வண்டியாயிற்றே, டீசல் இருக்கிறதா என்று பாத்திமா மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தாள், இருந்தது. மூடிவிட்டு ஷ்யாமை அழைத்தாள். போபோடி முழுவதற்கும் ஷ்யாம்தான் மெக்கானிக். இதுவரை ஒருமுறைகூடச் சந்தேகப்பட்டறியாத மனிதன். மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கும்போதே, இன்னும் பானெட்டைத் திறக்காமலே, “ஏர் பகட்லா, காகூ” என்றான். டீசல் குழாயில் காற்றுப் புகுந்துவிட்டது, மாமி என்று மராத்தியில் பொருள். பில்டர் தலையிலிருக்கும் திருகைத் தளர்த்தி, கையால் பம்பை அமுக்கி அமுக்கி, நுரை போய்ச் சுத்தமான டீசல் வந்ததும் திருகை இறுக்கினான். வண்டி கிளம்பியது. அறுவைச் சிகிச்சை முடித்தவனைப் போலக் கையைத் துடைத்துக்கொண்டு தேநீர் குடித்தான். அடுத்த வாரம் மறுபடி நின்றது. பாத்திமா மூடியைத் திறந்து பார்த்து மூடினாள். ஷ்யாம் வந்து பில்டரையே மாற்றி, பழையதிலிருந்த கறுப்புச் சேற்றை என் மூக்குக்கருகில் கொண்டுவந்து காட்டினான். அதற்கடுத்த வாரமும் நின்றது. கிராமத்தில் கேனில் வாங்கும் டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று தீர்ப்பு மாறியது. டாங்கையே கழற்றிக் கழுவிக் காயவைத்து, மூடியைப் பெஞ்சில் மறந்துவிட்டு, வாயில் ஒரு கந்தைத் துணியைச் செருகிக்கொண்டு ஷிக்ராபூர்வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். கன்றுக்குட்டி போல ஓடியதாம். அதன் பிறகு ஞாபகமாக மூடியைப் போட்டான். மறுநாள் வெங்காயத்தோடு நின்றது.

இதற்கிடையில் உன் யோசனை வந்தது. “டாங்கை எப்பவும் ஃபுல்லா வெச்சுக்கோ அக்கா, அடியில இருக்கற அழுக்கு மேல ஏறாது” என்றாய். வங்கியில் முப்பது வருஷம் பிறர் பணத்தைக் காத்தவன் சொல்கிறானே என்று கழுத்துவரை நிரப்பினோம். முன்பு வாகோலி தாண்டி நின்ற வண்டி, இப்போது அதற்கும் முன்னாலிருக்கும் கராடியைத் தாண்டுவதற்குள் நின்றது. டாங்கிலிருந்து டீசலை இழுக்கும் லிஃப்ட் பம்பை ஷ்யாம் மாற்றினான். அப்போதும் நின்றது. “மாமி, யாரோ கண்ணு வெச்சிட்டாங்க, நான் சொல்றன் பாருங்க” என்று பாத்திமா எலுமிச்சையும் மிளகாயும் கோத்து முன்னால் கட்டினாள். எலுமிச்சை வாடியது, வேறு மாற்றம் ஏதும் புலப்படவில்லை. நீ லோனிகந்தில் என்னைத் தொலைபேசியில் பிடித்தது அந்தக் கட்டத்தில்தான்.

உண்மை வெளிப்பட்டது கோரேகாவ் அருகே. உன்னிடம் நான் வாக்குக் கொடுத்த அதே நாள், அதே பயணம். லோனிகந்தில் ஷ்யாம் கிளப்பிவிட்டுப் போன வண்டி அங்கிருந்து மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. முன்னால் ஒரு கண்டெய்னர் லாரி திரும்பத் தெரியாமல் சாலைக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டிருந்ததால் இரு பக்கமும் வண்டிகள் என்ஜினை அணைத்துவிட்டு நின்றன. நாங்களும் அணைத்தோம். அகமத்நகர் சாலை அத்தனை அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. சும்மா இருப்பானேன் என்று பாத்திமா இறங்கிப் போய் டீசல் மூடியைத் திறந்தாள். உஸ்ஸ்ஸென்று ஒரு நீண்ட சத்தம்.

“மாமி, டாங்க் மூச்சு வாங்குது,” என்றாள்.

“இன்னொரு தடவை சொல்லு.”

“மூச்சு மாமி. என்னிய மாதிரி. மாடி ஏறினா நான் வுடுவேனே, அப்டி.”

நான் கல்லூரியில் பௌதிகம் கற்பித்தவள் என்பதை நீ மறந்திருக்கலாம், கற்றவர்களே மறந்துவிட்டார்கள். டாங்கிலிருந்து டீசல் வெளியேற வேண்டுமானால், காலியாகும் இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காகவே மூடியில் ஒரு சிறு துளை வைத்திருக்கிறார்கள். துளை அடைபட்டால் உள்ளே வெற்றிடம் ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் பம்ப் இழுத்தாலும் டீசல் வராது. என்ஜின் அணையும். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தவுடன் காற்றுப் புகுந்து எல்லாம் சரியாகிவிடும். அந்தப் புகழை அதற்குப் பிறகு வந்து திருகைத் தளர்த்துகிறவன் பெற்றுக்கொள்வான். டாங்க் நிரம்ப நிரம்ப உள்ளே காற்றுக்கு இடம் குறைவு. ஆகையால் வெற்றிடம் இன்னும் சீக்கிரம் ஏறும். உன் யோசனைப்படி நிரப்பியபோது கராடியிலேயே நின்றதன் மர்மம் அவ்வளவுதான். மூடியை வாங்கி அதன் வெளிப்பக்கத்தை உற்றுப் பார்த்தேன். துளை இருக்க வேண்டிய இடத்தில் ஓடு போல இறுகிய மஞ்சள் பூச்சு, அதன் நடுவே குங்குமம்.

“இது கோயம்புத்தூர் மாமா வெச்ச சந்தனம்தானே?” என்றாள் பாத்திமா. “பாருங்க, கட்டைவிரலு கூட அச்சு வுழுந்து கெடக்கு.”

அந்த அச்சின் குறுக்கே ஒரு கோடு ஓடியது. உனக்குப் பத்து வயதில் பலாப்பழம் அரியப்போய்க் கட்டைவிரலைக் கிழித்துக்கொண்ட தழும்பு. அடையாளம் காட்ட வேறு சாட்சி தேவைப்படவில்லை.

உனக்கு நினைவிருக்கும். அன்று நான்கு சக்கரம், ஸ்டீயரிங், பானெட், விளக்குகள், கதவுப் பிடி என்று ஒன்றும் விடாமல் பொட்டு வைத்தாய். “டீசல் மூடிய வுட்டுட்டீங்களே மாமா” என்று பாத்திமா கேலியாகத்தான் சொன்னாள். நீ மெய்யாகவே திரும்பிப் போய் அதற்கும் வைத்தாய். இவ்வளவில் நின்றிருந்தால் இரண்டு நாளில் உதிர்ந்திருக்கும். ஆனால் நீ கிண்ணத்தை என்னிடம் பெருமையாகக் காட்டி, “போன வருஷம் என் கார்ல வெச்சது காத்துல உதிர்ந்துடுத்து அக்கா, அதனால இந்தத் தடவை தச்சு வேலைக்குப் போடற வெள்ளைப் பசை கொஞ்சம் கலந்திருக்கேன், அடுத்த பூஜை வரைக்கும் அசையாது” என்றாய். அசையவில்லை. உன் வாழ்நாளில் நீ முழுமையாகச் செய்து முடித்த வேலைகளில் அதுவும் ஒன்று. என் கொண்டை ஊசி வளைந்தது. பாத்திமாவின் திருப்புளி வழுக்கியது. கடைசியில் ஒரு தேநீர்க்கடையில் வெந்நீர் வாங்கி ஊறவைத்துத்தான் துளையைக் கண்டோம். ஷ்யாமிடம் சொன்னபோது, “நானும் அதைத்தான் சந்தேகப்பட்டேன், காகூ” என்றான். பில்டரும் பம்பும் புதிதாக இருப்பதால் வண்டி இப்போது இளமைக்காலத்தைவிட நன்றாக ஓடுகிறது. அன்று முதல் மூட்டைகளோடு போவதும் வருவதுமாக இருக்கிறோம், எங்கும் நிற்கவில்லை. ஷ்யாமுக்குத்தான் வாரத்தில் ஒரு நாள் பொழுது போகவில்லை.

இதை நான் குற்றமாக எழுதவில்லை, காரணகாரியமாக எழுதுகிறேன். மூச்சுத் துளையை அடைத்தவனும் நீ, வண்டிக்கு வயதாகிவிட்டது என்று சொன்னவனும் நீ. அந்த எதிர் ஃப்ளாட்டைப் பற்றியும் எனக்கு இதே போன்ற ஓர் எண்ணம் உண்டு; அதை விரித்து எழுத விருப்பமில்லை. உனக்குத் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நேரடியாக அப்படிச் சொல். என் நன்மைக்காக என்று சொல்லாதே.

உன் முழங்கால் உன் பேச்சைக் கேட்கட்டும், மாடிவீட்டு நாய் உன் பேச்சைக் கேட்காதிருக்கட்டும், சங்கத் தேர்தலில் நீ தோற்று நிம்மதியாக இருக்க வேண்டுமென ஆசீர்வதித்து முடிக்கிறேன்.

இப்படிக்கு,
விசாலாக்ஷி

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். ரஞ்சன்காவ் போகும் வழியில் தபாலில் சேர்க்கலாம் என்று கைப்பையில் வைத்திருந்தேன். ஷிக்ராபூருக்குச் சற்று முன்னால் வண்டி நின்றுவிட்டது. மூடியைத் திறந்தோம். உஸ்ஸென்ற சத்தம் இல்லை. டீசலும் இல்லை. “எப்போது கடைசியாகப் பார்த்தாய்” என்று பாத்திமாவைக் கேட்டதற்கு, “வண்டி நின்னாதானே மாமி மூடியைத் தொறப்போம்? இது நிக்கவே இல்ல, யாரு தொறந்தா?” என்கிறாள். அதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. ஷ்யாம் கேனில் டீசலோடு வந்துகொண்டிருக்கிறான். குழாயில் மெய்யாகவே காற்றுப் புகுந்திருப்பதால் தொலைபேசியிலேயே அவன் குரலில் அத்தனை சந்தோஷம்.

இது பழுதல்ல, கணக்கில் சேராது என்று வாதாட எனக்குத் தெரியும். ஆனால் வழியில் நின்றால் என்றுதான் சொன்னேன். காரணம் எதையும் விலக்கி வைக்கவில்லை. நின்றுவிட்டது. ஆகையால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருகிறேன். ஃப்ளாட்டை விட்டுவிடாதே. வண்டியை விற்றுவிட்டு வருவதாக நான் எப்போதும் சொல்லவில்லை என்பதால் அதிலேயே வருகிறேன். கோயம்புத்தூரைப் பார்த்ததில்லை என்று பாத்திமாவும் வருகிறாள். பின்னால் வெங்காயம் இருக்கும், உன் சங்கத்தாரிடம் இப்போதே சொல்லி வை. உன் காரை எடுத்து வேறெங்காவது விடு. பிக்கப்புக்கு நீளமான இடம் வேண்டும். எத்தனை நாள் தங்குவேன் என்பது வண்டியைப் பொறுத்தது. நாங்கள் வந்து இறங்கும்போது நீ வாசலில் நிற்கலாம், ஆனால் கையில் எதுவும் இருக்கக் கூடாது. சந்தனக் கிண்ணம் இருந்தால் அப்படியே வண்டியைத் திருப்பிவிடுவேன்.