கரையூர் மணி

ஏரிக்குக் கீழே குடியிருந்த கரையூர் நாட்டாருக்கு ஒரே ஒரு பயம்தான்: கரை உடைந்துவிட்டால்? அதற்காகக் கரைமேல் ஒரு மணி தொங்கியது. கசிவைக் கண்டவர் யாரானாலும் அடிக்கலாம். சத்தம் கேட்டதும் ஊரே ஓடும்.

ஓர் ஐப்பசியில் கரைக்காவலன் கொடுமுடி அதை அடித்தான். ஊர் பிழைத்தது. நன்றி தாளாத மக்கள் அவனையே நாட்டுத் தலைவனாகத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றிலிருந்து அவர் கொடுமுடியார்.

இரண்டாம் தேர்தலில் வென்றதும் ஓர் ஆணை வந்தது. கண்டவர்கள் அடித்தால் மணியின் மாண்பு கெடும் என்பதால் தலைவர் மட்டுமே அடிப்பார். மணி மேடைக்குப் போனது. அவர் பேசி முடித்து ஓர் இழுப்பு இழுப்பார், மக்கள் கைதட்டுவார்கள். மூன்றாம் முறை, மேடை உயரம் போதவில்லை என்று கரையிலிருந்தே மண்ணை வெட்டி அதை உயர்த்தினார்கள். கசிவைக் கண்டு பயந்தவர்களுக்காக இன்னொரு சட்டம்: இனி அது கசிவு அல்ல, ஏரியின் வியர்வை.

நான்காம் தேர்தல் கூட்டத்துக்குச் செம்பாயி ஒரு சொம்போடு வந்தாள். கரையடியில் குடிசை. உள்ளே நிறைமாத மகள். மேடைப் படியில் நின்ற அமைதித்துறை அமைச்சரிடம் சொன்னாள்:

"சாமி, எங்க கொல்லையில தண்ணி கசியுதுங்க."

"வியர்வை. திருத்திச் சொல்லவும்."

"வேர்வையாவே இருக்கட்டுங்க. கலங்கலா வருது, இந்தச் சொம்புல பாருங்க. எம்மவளால ஓட முடியாது, கொஞ்சம் முன்னாடியே மணி அடிக்கச் சொல்லுங்க."

"மனுவாக எழுதிக் கொடுங்கள். தேர்தல் முடிந்ததும் ஆய்வுக்குழு அமைப்போம்."

மேலே பேசிக்கொண்டிருந்த கொடுமுடியார் காதில் 'கலங்கல்' விழுந்தது. சொம்பை வாங்கிப் பார்த்தார். தெளிந்து வந்தால் பயமில்லை, கலங்கி வந்தால் கரையே கரைகிறது. பழைய காவலனுக்கு அது மறக்குமா? அவர் முகம் வெளுத்தது. பாதிப் பேச்சை விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

மக்கள் கைதட்டினார்கள்.

"ஓடுங்கடா! கரை ஒடையுது!"

அமைச்சர் ஒலிபெருக்கியைப் பிடுங்கினார். "பெருமக்களே, தலைவர் எதிர்க்கட்சியின் கரையைச் சொல்கிறார்!" திடல் அதிர்ந்தது. தலைவர் கயிற்றை இழுக்க இழுக்கக் கைதட்டல் கூடியது. இத்தனை ஆண்டுகளில் மக்கள் நன்றாகத்தான் பழகியிருந்தார்கள்.

செம்பாயி தட்டவில்லை. குடிசைக்கு ஓடி மகளைத் தோளில் தாங்கிக்கொண்டு திரும்பியபோது செம்மண் தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் மேடு என்று இருந்தது, கரை மண்ணில் எழுந்த அந்த மேடை ஒன்றுதான். மேலே மணி ஓயவில்லை. படியில் நின்ற காவலர் தன் நனைந்த காலைக் குனிந்து பார்த்தார். பிறகு கையை நீட்டி மறித்தார்.

"மேல ஏற சீட்டு இருக்காம்மா?"