பெண் பார்க்கப் போன காந்தம்

இராஜபாளையத்தில் காந்த அண்ணாச்சி தொட்டுப் பார்க்காத தண்ணீர்க் குழாய் ஒன்று இருக்கிறதென்றால், அது இன்னும் கடையிலிருந்து வீடு வந்து சேராத குழாயாகத்தான் இருக்கும். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது.

நூல் மில்லில் ஃபிட்டர். நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் கடைசி வீடு அவருடையது, அதற்கு முந்திய வீடு என்னுடையது. மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா வைப்பார்கள். அவர் ஒரு காந்தமும் பழைய சாவி ஒன்றும் வைத்திருப்பார். யார் வீட்டுக்குப் போனாலும் நேரே குழாயடிதான். காந்தம் ஒட்டினால் இரும்பு, நிம்மதி. ஒட்டாவிட்டால் சாவியால் ஒரு கீறல். கீறிய இடம் மெத்தென்று குழிந்து வெள்ளியாக மினுங்கினால் மனுஷன் முகம் தொங்கிவிடும். "காரீயம், தம்பி. இதுல ஊறிக் கெடந்த தண்ணி பச்சப்புள்ள வாயில போகலாமா?" என்பார்.

தளவாய்புரத்தில் ஒரு துட்டி வீட்டுக்குப் போனோம். அழுதுகொண்டிருந்த பெண்களை விலக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனவர், திரும்பி வந்து இறந்தவரின் மகன் கையைப் பிடித்து, "அப்பா கொழாயால சாகல. மனசத் தேத்திக்கிடுங்க" என்றார். நான் வேட்டியால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினேன். ஜனங்கள் நானும் அழுவதாக நினைத்துக்கொண்டார்கள்.

இராத்திரியெல்லாம் குழாயில் ஊறிக் கிடந்து காலையில் வரும் முதல் குடத்தைச் செடிக்கு ஊற்ற வேண்டும் என்பது அவர் கட்சி. தண்ணீர் வரும் நாளுக்காகத் தவம் கிடக்கிற காம்பவுண்டில் இதைச் சொல்லலாமா? எதிர்வீட்டு அக்கா குடத்தை ஓங்கிக்கொண்டு அவரை வாசல்வரை விரட்டினார்.

இப்பேர்ப்பட்டவரைத்தான் எனக்குப் பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்குக் கூட்டிப் போனேன். அப்பா இல்லாத எனக்காக முன்னால் உட்கார்ந்து பேச வேறு ஆள் இல்லை. ஏழு இடம் ஏற்கெனவே தட்டிப்போயிருந்தது. அந்த ஏழு போட்டோவையும் தரகரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எட்டாவதாக வந்த கோதையின் போட்டோ மட்டும் என் பர்ஸிலேயே இருந்தது. இந்த இடம் கைகூட வேண்டுமே என்று நான் கும்பிடாத சாமி பாக்கியில்லை. பஸ் ஏறும்போதே, இன்று ஒருநாள் காந்தத்தை வெளியே எடுக்காதீர்கள் என்று அண்ணாச்சியிடம் கெஞ்சினேன்.

"ஏலே, நான் என்ன கோட்டிக்காரனா?" என்றார்.

பெண் வீட்டில் கேசரி வந்தது. அண்ணாச்சி இருந்த நாற்காலி காலி. கை கழுவப் போகிறேன் என்று புறவாசலுக்குப் போனவர், கையில் காந்தத்தோடு திரும்பி வந்தார். அதைக் கோதையின் அத்தை பார்த்துவிட்டார். எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சில் காந்தம் தென்பட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: போலி நகை ஒட்டும், தங்கம் ஒட்டாது. "நகையச் சோதிக்க ஆளு கூட்டியாந்திருக்காவ" என்று அத்தை அடுப்படியில் ஒரு வார்த்தை போட்டார். அவ்வளவுதான். கோதையின் அம்மா கண்ணைத் துடைக்க ஆரம்பித்தார். அவள் அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

அண்ணாச்சி பதறிப்போனார். "நகைய யாருங்கய்யா பாத்தா? கொழாய்தான் காரீயம். தொட்டில்ல புள்ள கெடக்கு, அதான் பாத்தேன்."

தொட்டிலில் கிடந்தது கோதையின் அக்கா குழந்தை. நகை போய் இப்போது வீட்டையே குறை சொல்கிறார்களா என்று அப்பாவுக்குக் கோபம் இரட்டிப்பானது. தலைமுறை தலைமுறையாக ஈயச் சொம்பில் ரசம் வைக்கிற குடும்பம் இது என்று அதட்டினார். அது வெள்ளீயம், இது காரீயம், விஷம் என்று அண்ணாச்சி பாடம் எடுக்கத் தொடங்கவும், நான் அவரை இழுத்துக்கொண்டு வெளியேறினேன். கோதையை நிமிர்ந்து பார்க்கக்கூட எனக்குத் தைரியமில்லை.

பஸ்ஸில், "உங்களக் கூட்டிட்டுப் போன என்னயச் சொல்லணும்" என்றேன். மறுநாளிலிருந்து அவர் வெறும் சட்டைப்பையோடு மில்லுக்குப் போனார். அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சமாதானம் சொல்ல வீம்பு விடவில்லை.

பத்து நாள் கழித்துக் கோதை போன் பண்ணினாள். அவளுடைய தோழி மதுரையில் ஒரு லேபில் வேலை பார்க்கிறாளாம். காலையில் வந்த முதல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து அவளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். காரீயம் இருக்கிறது, காய்ச்சினாலும் போகாது என்று முடிவு வந்திருக்கிறது. குழந்தைக்குப் பால் கரைப்பது அந்தத் தண்ணீரில்தான்.

"நாங்க அம்புட்டுப் பேரும் நகையத்தான் நெனச்சோம். புள்ளைய நெனச்சது அவிய ஒருத்தருதான்" என்றாள். "ஞாயித்துக்கெழம அவியளக் கூட்டிட்டு வாங்க." போனை வைக்கப் போகையில், "நீங்களும் வாங்க" என்றாள்.

ஓடிப்போய் அண்ணாச்சியிடம் சொன்னேன். குழந்தை எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை புதுக் குழாயை அவர் மாட்ட, ஒரு முனையை நானும் மறு முனையைக் கோதையும் பிடித்துக்கொண்டோம். அன்று அவருக்கு மட்டும் இரண்டு தட்டு கேசரி. ஆவணியில் எங்கள் கல்யாணம் நடந்தது.

போன வருஷம் அண்ணாச்சி ரிட்டயர் ஆனார். மகன் வந்து கோயம்புத்தூருக்கு, ஆறாவது மாடிக்குக் கூட்டிப்போய்விட்டான். "இங்க கொழாயெல்லாம் செவுத்துக்குள்ள ஒளிஞ்சு கெடக்கு, தம்பி. என்னத்தப் பாக்க?" என்றார் போனில். பேசும்போது சிரித்தேன். வைத்த பிறகு வெகுநேரம் ஒன்றும் ஓடவில்லை. கடைசி வீட்டில் இப்போது வேறு ஆள் இருக்கிறார். நல்லவர்தான். எங்கள் குழாயை அவர் ஏறிட்டும் பார்ப்பதில்லை.

புறப்பட்ட அன்று எங்கள் அடுப்படிக் குழாயைப் பார்த்த அண்ணாச்சி, காந்தத்தை அதிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். கோதை அதைத் துடைத்துத் துடைத்து அதே இடத்தில் ஒட்டி வைக்கிறாள். முதல் சொம்புத் தண்ணீர் இன்றும் கறிவேப்பிலைச் செடிக்குத்தான் போகிறது. காந்தம் இல்லாமல் அவருக்குக் கை ஒடிந்த மாதிரி இருக்குமே, பார்சலில் அனுப்பிவிடலாமா என்று நேற்று கேட்டேன்.

"அனுப்பிட்டா, பொறவு அவிய எதுக்கு இங்க வரப்போறாவ?" என்றாள் கோதை.