கோல்ஃப் ஆட மட்டுமே வருகிறேன்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே குளிரைத் தவிர மற்றதெல்லாம் சௌகரியம். அங்கே வெயிலைத் தவிர மற்றதெல்லாம் சௌகரியமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. "மாமா, ஒரு வாரம் வந்து என்னோட கோல்ஃப் ஆடிட்டுப் போங்க" என்று எழுதியிருந்தீர்கள். நாலு வருஷத்துக்கு முன்னால், "கோல்ஃப் மைதானத்துல புல்லுக்குத் தண்ணி விடறவனுக்கு என் பொண்ணா?" என்று குதித்துவிட்டுக் கல்யாணத்துக்கே வராத மனுஷனை, அதே புல்லில் வந்து ஆடச் சொல்கிறீர்கள். தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. வருகிறேன். ஆனால் கோல்ஃப் ஆட மட்டும்தான் வருகிறேன் என்பதைத் தங்கள் வீட்டில் இருப்பவரிடம் தெளிவாகச் சொல்லிவிடவும். வேறு எதற்காகவோ வருவதாக அவர் நினைத்துவிடக் கூடாது.

தாங்கள் அனுப்பிய பட்டியல்படி மூட்டை கட்ட ஆரம்பித்தேன். முப்பத்தோரு வருஷம் ரயில்வே பார்சல் ஆபீசில் குப்பை கொட்டியவனுக்கு மூட்டை கட்டச் சொல்லித்தர வேண்டாம். ஆனால் பட்டியலில் முதல் சாமானே இடது கைக்கு மட்டும் ஒரு கையுறை. கடையில போய்க் கேட்டேன். "இன்னொரு கைக்கு என்ன சார் ஆச்சு?"ன்னு கடைக்காரர் ரொம்பப் பரிதாபமா விசாரிச்சார். ரெண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். அப்படின்னா ஜோடியாத்தான் தருவேன்னுட்டார். அடுத்தது அரைக்கால் சட்டை. அறுபத்து நாலு வயசுல! டெய்லர் "பேரனுக்கா?"ன்னார். எனக்குத்தான்னு சொல்ல வாய் வரலை, ஆமான்னு தலையாட்டிட்டேன். இடுப்பு எவ்வளவுன்னார். முப்பத்தெட்டுன்னேன். "நல்ல வளர்த்திதான்"னு சொல்லிக்கிட்டே எழுதிக்கிட்டார்.

மட்டைகளை அடுத்த தெருவில் இருக்கும் ரிட்டயர்டு மேனேஜரிடம் இரவல் வாங்கினேன். அங்க வந்து மாப்பிள்ளை முன்னாடி அசடு வழியக் கூடாதே, கொஞ்சம் பழகிக்கலாம்னு கூடத்துல நின்னு ஒரு வீசு வீசினேன். பந்து வெச்ச இடத்துலயே இருந்துச்சு. ட்யூப்லைட்தான் போயிடுச்சு. உங்க அத்தை அடுப்படியிலேர்ந்து எட்டிப் பார்த்து, "கழுத்தில சுளுக்கு வந்தா அங்க யாரு உங்களுக்கு நீவி விடறது? அவகிட்டதான் பேச மாட்டீங்களே"ன்னா. கண்ணாடித் துண்டைப் பொறுக்கவே நேரம் சரியா இருந்துச்சு.

அப்புறம் எடை. விமானத்துல இருபது கிலோன்னு எழுதியிருந்தீங்க. கொக்கித் தராசுல மாட்டினா இருபத்தொண்ணு காட்டுது. எல்லாத்தையும் வெளியில எடுத்தேன். அடியில, அவ காலேஜ் போறப்ப போட்ட பச்சை ஸ்வெட்டர். "அனல் பறக்கற ஊருக்கு ஸ்வெட்டர் எதுக்குடி வெச்சே? உனக்குப் புத்தி இருக்கா?"ன்னு உங்க அத்தையைப் பிடிச்சுக் கத்தினேன். "அவ துணி இருக்கற பீரோ சாவி உங்க சவரக் கத்தி டப்பாவுலதானே இருக்கு. நான் எப்படி வைப்பேன்?"னா. அப்ப யாரு வெச்சதுன்னு எனக்கும் விளங்கலை. அரைக்கால் சட்டை ரெண்டையும் எடுத்துட்டேன், எடை சரியாயிடுச்சு.

இதுக்கு மேலதான் பெரிய தப்பு. மட்டைகளை முன்கூட்டியே தனிப் பார்சலா அனுப்பிடலாம்னு சாக்குல சுத்தி, கோணி ஊசியால நாலு பக்கமும் தைச்சு, பெறுநர் பேர் எழுத உட்கார்ந்தேன். உங்க பேரைத்தான் எழுதணும். அவ ஹாஸ்டல்ல இருந்தப்ப மாசம் ஒரு பார்சல் தைச்சு அனுப்பின கை மாப்பிள்ளை இது. அவ பேரை எழுதிடுச்சு. அதுவும் உங்க இனிஷியல் இல்லை, என்னோடது. எழுதி முடிச்சுட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கிட்டு இருந்தேன். விலாசத்துல அடிச்சு எழுதியிருந்தா பார்சலை வாங்கக் கூடாதுங்கறது எங்க ஆபீஸ் சட்டம், நானே எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன். அதனால அப்படியே விட்டுட்டேன். நீங்க தப்பா எடுத்துக்கப்படாது.

என் முகத்துல முழிக்காதேன்னு ஒரு கோபத்துல சொல்லிட்டேன். அவளும் என் பொண்ணாச்சே, சொன்னதைக் காப்பாத்திட்டா. ஞாயித்துக்கிழமை அவ அம்மாகூட போன்ல பேசறப்ப, நான் பக்கத்து ரூம்ல ரேடியோவை நிறுத்திட்டு உட்கார்ந்திருக்கேன். இங்கேர்ந்து பேசறது மட்டும்தான் கேக்குது. "அப்படியா", "சரிம்மா", "உடம்பைப் பார்த்துக்கோ". அவ என்ன சொன்னான்னு நானே மனசுல ஜோடிச்சுக்கறேன். ஒரு தடவைகூட அப்பா எப்படி இருக்கார்னு அவ கேட்ட மாதிரி ஜோடிக்க முடியலை. இதெல்லாம் கோல்ஃபுக்குச் சம்பந்தமில்லாத விஷயம். மன்னிக்கவும்.

ஆகவே, வரும் பன்னிரண்டாம் தேதி காலை வந்து சேருகிறேன். நேராக மைதானத்துக்கே வந்துவிடுகிறேன். பக்கத்தில் ஒரு ரூம் பார்த்து வைத்தால் போதும், வீட்டில் யாருக்கும் சிரமம் வேண்டாம். தங்களுக்கும் தங்கள் வீட்டில் இருப்பவருக்கும் எங்கள் ஆசிகள். அவர் தன்னுடையதை வேண்டாம் என்றால், அந்தப் பங்கையும் தாங்களே வாங்கி வைத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, கவரை ஒட்டினவன் பிரிச்சு எழுதறேன். தையலைப் பிரிச்சு மட்டையெல்லாம் மேனேஜர்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன். எனக்குக் கோல்ஃபும் வேண்டாம், ரூமும் வேண்டாம். தப்புப் பண்ணிட்டேன். இதை நீங்க அவகிட்ட சொல்ல வேண்டாம், நானே வந்து சொல்றேன். நான் வர்ற அன்னைக்கு அவ வீட்டுல இருப்பாளா? அதை மட்டும் எழுதுங்க.