மெழுகு பூசிய தலையும் ஒரு டீச்சர் வேலையும்

எண்ணெய்க் கடைக்காரர் மகளுக்குத் தலை வறண்டு கிடந்தால் அது அவளுடைய சொந்த விவகாரம் இல்லை. கடை விவகாரம். விவரம் தெரிந்த நாளிலிருந்து இதை அனுபவித்தவள் நான்.

விருதுநகரில் அப்பாவுக்கு எண்ணெய்க் கடை. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், விளக்கெண்ணெய் எல்லாம் பீப்பாய் பீப்பாயாக நிற்கும். கலப்படம் என்ற சொல்லை யாராவது கடைக்குள் உச்சரித்தாலே அப்பாவுக்கு முகம் கறுத்துவிடும். அப்படிப்பட்டவருக்குப் பிறந்த ஒரே மகளின் முடி, பிரித்துப்போட்ட தேங்காய் நார் மாதிரி இருந்தது. சுருட்டை முடி என்றால் அழகான சுருட்டை இல்லை. ஒவ்வொரு இழையும் பக்கத்து இழையோடு சண்டை போட்டுக்கொண்டு தனித்தனியாகத் தெருவைப் பார்த்து நிற்கிற சுருட்டை. எவ்வளவு எண்ணெய் விட்டாலும் கரிசல் மண் முதல் மழையைக் குடிப்பதுபோலக் குடித்துவிட்டு, சாயங்காலத்துக்குள் மறுபடி வறண்டு நிற்கும்.

அம்மா சளைத்தவள் இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் கைநிறைய நல்லெண்ணெயை அள்ளித் தேய்த்து, அதற்கு இரண்டு மடங்கு சீயக்காயைப் போட்டுப் பறட்டுப் பறட்டென்று அலசிவிடுவாள். போட்ட எண்ணெயோடு முடியில் இயற்கையாக இருந்த கொஞ்சநஞ்ச ஈரப்பசையும் வாய்க்காலில் போய்விடும். பிறகு, முடி நன்றாகக் காய்ந்ததும் சீப்பை எடுப்பாள். (காய்ந்த சுருட்டை முடியில் சீப்பை விட்டவர்களுக்கும் விடப்பட்டவர்களுக்கும் மட்டுமே அந்த வேதனை புரியும்.)

கடைக்கு வருகிறவர்கள் சும்மா வாங்கிக்கொண்டு போவார்களா? "அண்ணாச்சி, ஒங்க எண்ணெய் எங்க வீட்டுல நல்லாத்தான் இருக்கு. ஒங்க வீட்டுப் பிள்ளை தலையில மட்டும் ஏன் ஒட்ட மாட்டேங்குது?" என்று கேட்பார்கள். அப்பா சிரித்து மழுப்புவார். ஆனால் அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் ஒரு கவளம் குறையும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். எங்கள் தெருவில் அதுவரை படிக்கப் போன பெண்ணே கிடையாது என்பதால் எனக்குத் தலைக்கனம் அதிகம். (தலையில் கனமாக இருந்தது அது ஒன்றுதான்.) சிவகாசிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்த டீச்சர் கல்யாணமாகிப் போய்விட்டதால், ஆள் எடுக்கிறார்கள் என்று தகவல் வந்தது. தீப்பெட்டிக் கம்பெனி முதலாளி ஒருவர் தன் கம்பெனியை ஒட்டியே நடத்திவந்த பள்ளிக்கூடம். இண்டர்வியூவுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அந்த வேலை கிடைக்காவிட்டால் எனக்கு வரன் பார்ப்பது என்று அம்மா முடிவு செய்திருந்தாள். ஆகவே எப்படியாவது கிடைத்தாக வேண்டும்.

படிப்பைப் பற்றி எனக்குப் பயமே இல்லை. தலையைப் பற்றித்தான். இண்டர்வியூவுக்கு வருகிற மற்றப் பெண்கள் எல்லாம் எண்ணெய் மினுங்க, படிய வாரி, பின்னல் போட்டு வந்து நிற்பார்கள். நான் மட்டும் புயலில் மாட்டிய கருவேலமரம் மாதிரி நிற்பேனா?

இங்கேதான் என் அறிவு வேலை செய்தது. சிவகாசியில் வாக்கப்பட்ட என் பெரியப்பா மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது தீப்பெட்டிக் கம்பெனியைப் பார்த்திருக்கிறேன். சொரசொரப்பான குச்சியை உருக்கிய மெழுகில் முக்கி எடுத்ததும் வழுவழுவென்று ஆகிவிடும். அதற்குப் பிறகுதான் முனையில் மருந்து வைப்பார்கள். சொரசொரப்பான குச்சியே வழுவழுப்பாகும்போது சொரசொரப்பான முடி ஆகாதா? பயிற்சிப் பள்ளியில் விஞ்ஞானத்தில் முதல் மார்க் வாங்கியவள் நான் என்பதை இந்த இடத்தில் நினைவூட்டிக்கொள்கிறேன்.

ஊறுகாய் ஜாடி வாயை அடைக்க வேண்டும் என்று சொல்லி அந்த அக்காவிடம் ஒரு கட்டி மெழுகு வாங்கி வைத்திருந்தேன். இண்டர்வியூ அன்றைக்குக் காலையில் அதை இரும்புக் கரண்டியில் போட்டு, அப்பா கடை நல்லெண்ணெயை ஊற்றி உருக்கி, ஆறுகிற பதத்தில் தலை முழுக்க அப்பி, இழுத்து இழுத்து வாரினேன். கண்ணாடியைப் பார்த்தால் எனக்கே நம்ப முடியவில்லை. மண்டையோடு படிந்து, கறுப்புப் பீங்கான் மாதிரி பளபளவென்று ஒரு தலை. தட்டினால் சத்தம்கூட வந்தது.

அம்மா சாமி கும்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். அப்பாதான் பாவம். என் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நம்ம கடை எண்ணெயா தாயி என்று கேட்டார். ஆமாம்ப்பா என்றேன். அதில் பொய் இல்லை. நல்லெண்ணெய் அவர் கடையதுதான்.

பஸ் ஸ்டாண்டுக்கு நேர்வழி இருந்தும், அப்பா என்னைக் கடைத்தெரு வழியாகச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு கடைக்காரரிடமும் நின்று பேசினார். மகளை வேலைக்குக் கூட்டிப் போகிறேன் என்று வாயால் சொன்னாலும், அவர் கை என் தலையைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் அப்பா முன்னால் ஆம்பிளைகள் பக்கம் உட்கார்ந்துகொண்டார். எனக்குப் பின்னால் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெயில் என் பக்கமாகவே கூட வந்தது. விருதுநகர் எல்லை தாண்டுவதற்குள் நெற்றியில் ஏதோ ஊர்ந்தது. துடைத்தேன். காதோரம் ஊர்ந்தது. அதையும் துடைத்தேன். பிறகு கழுத்துக்குப் பின்னால், முதுகில் என்று நாலா பக்கமும் ஒழுக ஆரம்பித்துவிட்டது. எண்ணெயில் கலந்த மெழுகு சீக்கிரமே இளகும் என்பது முதல் மார்க்குக்காரிக்குத் தோன்றவே இல்லை.

ஒழுகினதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் மடியில் ஒரு சாக்கு வைத்திருந்தாள். அச்சாபீசில் தீப்பெட்டி லேபிள் வெட்டும்போது விழுகிற கலர்க் காகிதத் துண்டுகள், அடுப்புப் பற்றவைக்க வாங்கிக்கொண்டு போகிறாளாம். ஒரு பள்ளத்தில் பஸ் தூக்கிப்போட்டதில் சாக்கு வாய் திறந்துகொண்டது. காற்று உள்ளே புகுந்தது. பஸ் முழுக்கச் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகத் துண்டுகள் பறந்தன. மற்றவர்கள் தட்டிவிட்டுக்கொண்டார்கள். என் தலையில் விழுந்ததெல்லாம் விழுந்த இடத்திலேயே குடியேறிவிட்டது. அந்த அம்மாள் ஒன்றை உரித்துப் பார்த்தாள். முடியும் சேர்ந்து வந்ததும், "இது போகாது போல இருக்கே" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

ஊர் வந்து இறங்கினோம். அப்பா திரும்பிப் பார்த்தார். என் வலது காதுக்கு மேல் தலையில்லாத பச்சைக்கிளிப் படம் ஒன்று ஒட்டியிருந்ததைப் பிறகு அவர்தான் சொன்னார்.

பள்ளிக்கூடத்துக்குத் தாளாளரும் அந்த முதலாளிதான்; அவர் ஆபீஸ் கம்பெனி வளாகத்துக்குள் இருந்தது. அதற்குப் போக வேண்டுமென்றால் மருந்து காயவைக்கிற கட்டடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். வாசலில் ஒரு காவல்காரர். உள்ளே போகிறவர்களிடம் பீடி, தீப்பெட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதுதான் அவர் வேலை. அப்பாவைச் சோதித்துவிட்டு என் பக்கம் வந்தவர் மூக்கை உறிஞ்சினார். தலையைப் பார்த்தார். மறுபடி உறிஞ்சினார்.

"மெழுகா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"இங்கன மெழுகும் தலையும் சேந்து குச்சிக்குத்தான் இருக்கலாம். ஆளுக்கு ஆகாது. மருந்து கெடக்கிற எடம் தாயி, ஒழுகிக்கிட்டு உள்ள விட முடியாது. கழுவிட்டு வாங்க."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. வேலைக்கு வந்த இடத்தில் சான்றிதழைப் பார்க்காமல் தலையைப் பார்த்துத் திருப்பி அனுப்பப்பட்ட ஒரே ஆள் இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன். வேப்பமர நிழலில் போய் நின்றேன். நிழலில் மெழுகு இறுக ஆரம்பித்தது. அழுகை வந்தது. கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தால் கையிலும் கிளி.

அப்பா மெதுவாக, வீட்டுக்குப் போயிருவோமா தாயி, அடுத்த வருசம் பார்த்துக்கிடலாம் என்றார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் ஒருவேளை போயிருப்பேன். கோபமே இல்லை. கடைத்தெருவில் என்னைக் காட்டிக்கொண்டு நடந்த அதே மனுஷன், அதே தெரு வழியாக என்னை இந்தக் கோலத்தில் கூட்டிப் போகத் தயாராக நின்றார். எனக்கு அது தாங்கவில்லை. போக மாட்டேன் என்றேன்.

"அப்பா, கடையில எண்ணெய்ப் பீப்பாயை எப்படிக் கழுவுவீக?"

"கொதிக்கக் கொதிக்க வடிகஞ்சியை ஊத்தி, சீயக்காய்ச் சக்கை போட்டுத் தேய்ச்சு…" என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டு என் தலையைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மதியச் சாப்பாட்டுக்காகச் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். சமைக்கிற பேச்சியம்மாள் என்னைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு இருக்கிறதே, அதற்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போனது. கஞ்சியையும், பாத்திரம் தேய்க்க வைத்திருந்த சீயக்காய்ச் சக்கையையும் கொடுத்தாள். நான் குனிந்தேன். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். பொறுக்கிற சூட்டில் கஞ்சியை ஊற்றுவதும், தேய்ப்பதும், மறுபடி ஊற்றுவதுமாகப் பீப்பாய்க்குக் காட்டுகிற அதே மரியாதையை என் தலைக்குக் காட்டினார். மெழுகு உருகிக் கீழே வழிந்தது. காகிதம் மிதந்து போனது. கடைசியாகச் சக்கையெல்லாம் போக வெறும் கஞ்சித்தண்ணியை விட்டு அலசினார்.

சீப்பு இல்லை. விரலை விட்டேன். வாழ்நாளில் முதல்முறையாக விரல் உச்சியில் நுழைந்து நுனியில் வெளியே வந்தது. கஞ்சி வழுவழுப்பில் சிக்கெல்லாம் தானாக நழுவிக்கொண்டது. அதை ரசிக்க நேரம் இல்லை. உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

தாளாளரும் தலைமையாசிரியரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் சொட்டச் சொட்ட விரித்த தலையோடு போய் நின்றேன். அந்தக் காலத்தில் பொம்பளை அப்படி நின்றால் சாமி வந்திருக்க வேண்டும், இல்லை துக்கம் வந்திருக்க வேண்டும். யாராவது தவறிவிட்டார்களா என்று தாளாளர் தணிந்த குரலில் விசாரித்தார். இல்லை ஐயா என்று சொல்லி, மெழுகிலிருந்து கஞ்சி வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். மறைக்க என்னிடம் ஒன்றும் பாக்கி இல்லை. தலைமையாசிரியர் மேஜையைப் பார்த்துக்கொண்டே தோள் குலுங்கச் சிரித்தார். தாளாளர் சிரிக்கவில்லை. ஐந்தாம் வகுப்புக்குப் போய் ஏதாவது பாடம் நடத்திக் காட்டுங்கள் என்று மட்டும் சொன்னார்.

வகுப்பில் நுழைந்ததும் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். தயார் பண்ணிக்கொண்டு போயிருந்த பாடம் எல்லாம் மறந்துவிட்டது. வெட்கத்தில் காதைத் தடவினேன். காதுக்குப் பின்னால் ஒரு மெழுகுக் கட்டி, கழுவியதில் தப்பித்து ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்தெடுத்து மேஜைமேல் வைத்தேன். இது என்ன என்று கேட்டேன். தீப்பெட்டிக் கம்பெனி ஊர்ப் பிள்ளைகள் ஆயிற்றே, மெழுகு என்று ஒரே குரலில் பதில் வந்தது. அது என் தலைக்கு எப்படி வந்தது, எங்கே உருகியது, எங்கே இறுகியது என்று கதை மாதிரிச் சொல்லிக்கொண்டே திடம், திரவம் இரண்டையும் நடத்திவிட்டேன். பிள்ளைகள் சிரித்த சிரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் இப்போது என்னோடு சேர்ந்து சிரித்தார்கள்.

இதற்கிடையில் ஜன்னல் காற்றில் முடி காய ஆரம்பித்து, தோளில் கிடந்தது ஒவ்வொரு சுருளாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. முதல் வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "டீச்சர், ஒங்க முடி ஏன் தன்னால சுருங்குது?" என்று கேட்டாள்.

"அதுல இருக்கிற தண்ணி எங்க போகுது, சொல்லு பாப்போம்" என்றேன். ஆவியைப் பற்றிய பாடமும் முடிந்தது. மூன்று நிலைகளையும் ஒரே தலையில் வைத்து நடத்திய ஆசிரியையை நான் இன்றுவரை வேறு பார்க்கவில்லை.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தாளாளர், "திங்கக்கிழமை வந்து சேந்துக்கிடுங்க. வரும்போது மெழுகு வேண்டாம், எங்ககிட்டயே நெறைய இருக்கு" என்றார்.

பேச்சியம்மாளின் தகரக் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். காய்ந்த முடி நார் மாதிரி விறைத்து நிற்கவில்லை. மெத்தென்று, சுருள் சுருளாகத் தோளில் புரண்டது. இத்தனை வருஷமும் என் முடி கேட்டது எண்ணெய் இல்லை, தண்ணீர். அன்றையிலிருந்து கஞ்சியில் அலசி, ஈரம் சொட்டும்போதே விரலால் கோதி, அந்த ஈரம் ஓடிவிடாமல் இருக்க மேலாக நாலு சொட்டு எண்ணெய் தடவுவதோடு சரி. பள்ளிக்கூடத்தில் எனக்கு மெழுகு டீச்சர் என்றுதான் பெயர். அதே பெயரோடு ஓய்வும் பெற்றேன்.

அப்பா மாறிப்போனார். கடைக்கு எண்ணெய் வாங்க வருகிற பெண்களிடம், மகள் டீச்சராக இருப்பதைச் சொல்லிவிட்டு, மொதல்ல தலையை நனைங்க, பொறவு கொஞ்சூண்டு எண்ணெய் போதும் என்பார். எண்ணெயைக் குறைத்துப் போடச் சொன்ன ஒரே எண்ணெய்க் கடைக்காரர் தமிழ்நாட்டிலேயே அவராகத்தான் இருக்கும்.

இப்போதும் வீட்டில் கரண்ட் போனால், மெழுகுவத்தி எங்கே என்று யாராவது தேடுவார்கள். உடனே என் மகன் இருட்டிலிருந்து, "அம்மா தலையில பாருங்க" என்பான். மருமகளும் பேரப்பிள்ளைகளும் சிரிப்பார்கள். புதிதாக யாராவது வீட்டுக்கு வந்திருந்தால் முழுக் கதையையும் அவனே சொல்லி, கடைசியில், தலையைப் பார்த்துப் பாவப்பட்டு வேலை கொடுத்துவிட்டார்கள் என்று முடிப்பான்.

நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரித்து முடித்ததும் அந்தக் கடைசி வரியை மட்டும் திருத்திவிடுவேன். பாவப்பட்டு ஒருத்தரும் கொடுக்கவில்லை. பாடம் நடத்தி வாங்கினேன்.